பதுளைக்கு வந்த விசேஷம்

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா, வீட்டம்மாவைக் கோயில் பக்கமே காணலையேங்க?" வேலிக்கு அப்பால் நின்று கேட்டாள் கடைக்காரர் வீட்டுப் பூவம்மா.

இரகுநாதனுக்கு எரிச்சல் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக் கந்தோருக்கு உத்தியோகம் மாற்றலாகி, புது மனைவி லீலாதேவியோடு அவன் வந்திறங்கிய அன்றே புத்தி சொன்னவள் இதே பூவம்மாதான். ஊருக்குப் புதுசு, குளிர் பழகும்வரை தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் ஜன்னி கண்டுவிடும் என்றாள். தலை முழுகாமல் கோயிலுக்கு எப்படிப் போவது?

"அவ முழுகாமல் இருக்கிறா," என்றான்.

பூவம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆத்தாடி! எப்பலேருந்துங்க?"

"இஞ்ச வந்த நாள் தொட்டு. எல்லாம் நீங்கள் சொன்னதாலதானே!"

"நானா!" என்று திகைத்தவள், சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினாள்.

பொழுது சாய்வதற்குள் மாங்காயும் புளிச்சாதமும் வளையலுமாகத் தெருப் பெண்கள் வீட்டுக்குள் நின்றார்கள். அவர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள் லீலாதேவி.

"நீங்கள் என்னத்தைச் சொல்லித் துலைச்சியள்?"

சொன்னான். அவள் தலையில் கை வைத்தாள்.

"ஐயோ, அது பிள்ளைத்தாச்சிக்குச் சொல்லுற சொல்லல்லோ! போய் அப்பிடி ஒண்டும் இல்லையெண்டு சொல்லுங்கோ!"

அக்கா தங்கை இல்லாமல் வளர்ந்தவனுக்கு அப்போதுதான் உறைத்தது. போய்ச் சொன்னான். பூவம்மா கண்ணைச் சிமிட்டினாள்.

"ஆமாங்க, கண்ணு பட்டுரும். நானும் யார்ட்டயும் சொல்லல. கோயில்ல மட்டுந்தான்."

மறுநாள் கந்தோரில் பெரிய கிளாக்கர் குமாரசிங்கம் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் லீலாவின் ஊர்க்காரர்.

"உம்மட மாமிக்குத் தந்தி அடிச்சாச்சு ஐசே!"

இரகுநாதன் வீட்டுக்கு ஓடிவந்தான். கேட்டதும் லீலாதேவி வாளியைத் தூக்கினாள்.

"நான் முழுகிறதை இந்தத் தெருவே பாக்கட்டும்!"

பொதுக் குழாயடியில், பனி இறங்கும் நேரம், வாளி வாளியாகத் தலையில் ஊற்றினாள்.

"புள்ளத்தாச்சி இப்படிப் பண்ணலாமா!" என்று தெருவே அலறியது.

காய்ச்சல் வந்தது. கூடவே வாந்தியும் வந்து, தெருவுக்கு மிச்சமிருந்த சந்தேகத்தைத் தீர்த்துவைத்தது.

மாமியார் யோகம்மா மூட்டை முடிச்சுகளோடு ரயிலில் வந்திறங்கினாள். நாற்பதைத் தொடாத, வாட்டசாட்டமான மனுஷி. மகள் சொன்ன எதையும் காதில் வாங்காமல் இருவரையும் டாக்டரிடம் இழுத்துப்போனாள்.

டாக்டர் லீலாவைச் சோதித்தார். "வெறும் குளிரால வந்த தடிமன் காய்ச்சல். வேற ஒண்டும் இல்லை."

"ஒண்டும் இல்லையோ?"

யோகம்மாவின் கண்கள் செருகின. அப்படியே அங்கிருந்த மர வாங்கில் சரிந்தாள்.

மருத்துவிச்சி இராக்கம்மா அவளைத் தாங்கிப்பிடித்து உள்ளே கொண்டுபோனாள். டாக்டரும் பின்னாலேயே போனார். கதவு மூடிக்கொண்டது. லீலாதேவி விம்மினாள். தன் ஒற்றைச் சொல் மாமியின் உயிரையே குடித்துவிடுமோ என்று பயந்த இரகுநாதன், கதிர்காமத்துக்குக் காவடி நேர்ந்தான்.

கதவு திறந்தது. ஈரக் கையைத் துடைத்தபடி இராக்கம்மா வந்தாள்.

"பயப்படாதீங்க ஐயா. மாமியாரம்மா நல்லாத்தான் இருக்காங்க. ஒங்களுக்கு மச்சானோ மச்சினிச்சியோ பொறக்கப் போகுதுங்க!"