எண்பத்தைந்து அங்குலத்தில் ஒரு கபடி ஆட்டம்

டிவி வாங்குகிறவர்களை உங்களுக்குத் தெரியும். டிவி பார்க்கிறவர்களையும் தெரியும். இந்த இரண்டிலும் சேராத ஓர் இனம் எங்கள் திருப்பூர்ப் பக்கம் பெருகிக்கொண்டு வருகிறது. அவர்கள்தான் டிவி அமைக்கிறவர்கள். கடையிலிருந்து வருகிற ஆளைச் சொல்லவில்லை. அவர் பாவம், சுவரில் நாலு துளை போட்டு மாட்டிவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டு, அரை மணியில் கிளம்பிவிடுவார். நான் சொல்வது அவர் போன பிறகு தொடங்குகிறவரை. வாங்கி எட்டு மாதம் ஆகியும் "இன்னும் கொஞ்சம் செட்டிங் பாக்கிங்க" என்கிறவரை. அவர் வீட்டில் டிவி ஓடும், சத்தம் கேட்கும், சுவர் அதிரும், ஆனால் ஒரே ஒரு படம் தொடங்கி முடிந்ததாகச் சரித்திரம் கிடையாது.

எப்படி அடையாளம் காண்பது என்கிறீர்களா? அதற்கு நீங்கள் ஒன்றுமே செய்ய வேண்டாம், அவர் வீட்டுக்கு ஒரு காதுகுத்துப் பத்திரிகை வைக்கப் போங்கள், போதும். "வாங்க, உக்காருங்க" என்பார். உட்காரப் போவீர்கள். "அங்க இல்லீங்க, இக்கட்ட வாங்க" என்று எழுப்பி, தரையில் வெள்ளை டேப் ஒட்டிக் குறித்த இடத்தில் போட்டிருக்கும் ஒற்றை நாற்காலியில் உட்காரவைத்து, சட்டைப் பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்து உங்கள் காதுக்கும் தரைக்கும் அளவெடுத்து, "சித்த குனிஞ்சுக்குங்க, ஒரு இஞ்சு அதிகமா இருக்குது" என்று சொல்லி, ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்துவிடுவார். பத்திரிகையும் மஞ்சளும் வெற்றிலையும் உங்கள் மடியிலேயே கிடக்கும்.

பிறகு ஹெலிகாப்டர் வரும்.

"பின்னாடி போச்சுங்களா?"

"போச்சுங்க."

"இப்ப தலைக்கு மேல?"

"ஆமாங்க."

வாய் தவறி 'இல்லீங்க' என்று சொல்லிவிடாதீர்கள். சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். அந்த ஹெலிகாப்டர் சத்தத்தை அவர் தலையைச் சுற்றி ஆறு முறை ஓட்டினார்கள். ஹெலிகாப்டர் போனதும் தவளை வரும். இலை மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு பச்சைத் தவளை. "தோல்ல இருக்கற புள்ளியப் பாத்தீங்களா? எண்ணலாமுங்க!" என்பார். எதற்கு எண்ண வேண்டும்? அதை யாரும் கேட்டதில்லை. உள்ளேயிருந்து காபி வரும், ஆடை படியும், ஆறும். தவளை கண்ணைச் சிமிட்டியதும் விளக்கைப் போட்டு, உங்கள் முகத்தையே பார்ப்பார். நீங்கள் "யப்பா!" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் வெளியே வந்தவன் இதுவரை இல்லை.

எங்கள் சொந்தத்திலேயே அப்படி ஒருவர் இருக்கிறார், வீரபாண்டியில். பெயர் மகுடேஸ்வரன். என் பெரியப்பா மகள் நிர்மலாக்காவைக் கட்டியவர். பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். கம்பெனி வைப்பதற்கு முன்னால் இருபது வருடம் அவர் செய்த வேலை ஷேட் பார்ப்பது. அதாவது சாயப்பட்டறையிலிருந்து வருகிற துணியின் நிறமும் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஒப்புதல் கொடுத்த துண்டின் நிறமும் ஒன்றா என்று வைத்துப் பார்ப்பது. அந்தக் கண்ணுக்கு ஊரில் அவ்வளவு மரியாதை. நாமெல்லாம் நீலம் என்று சொல்லிவிட்டுப் போகிற இடத்தில் அவர் பதினொரு நீலம் பார்ப்பார். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் இந்த இலைச் சாம்பாருக்கும் அந்த இலைச் சாம்பாருக்கும் ஷேட் வேறு என்பார். அப்படிப்பட்டவர் கையில் எண்பத்தைந்து அங்குல ஃபோர் கே டிவியைக் கொடுத்தால் என்ன ஆகும்?

என்னென்னவோ ஆயிற்று. அதைச் சுற்றிப் பதினொரு ஸ்பீக்கர், அதில் நாலு கூரையில். மூலையில் ஒரு சப் வூஃபர். எதிரொலி வரக்கூடாது என்று, ரிஜெக்ட் ஆன கருப்பு ஃப்ளீஸ் துணியைப் பேல் பேலாகக் கொண்டுவந்து நாலு சுவரிலும் அடித்தார். சித்திரை வெயிலில் அந்த ஹாலுக்குள் போனால் ஸ்வெட்டருக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். கம்பெனியில் துணியைப் பலவித வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கும் விளக்குப் பெட்டியையும் தூக்கிவந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஐந்து ரிமோட். அக்காவுக்கு அதில் ஒன்றைத் தொடவும் அனுமதி கிடையாது. அவள் சீரியல் பார்க்க மாடிக்குப் போய்விடுவாள். மாடியில் குடியிருப்பது முனீஸ், நதியா தம்பதி; தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து தையல் மிஷினில் வேலை பார்க்கிறவர்கள். சப் வூஃபர் வந்த முதல் நாளே முனீஸ் இறங்கி வந்து, "அண்ணாச்சி, கீழ மாவு மில்லு எதும் வச்சிட்டியளா?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டுவிட்டுப் போனார். மாமா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

இவ்வளவும் எதற்காக என்று கேட்டால் மாமா நெஞ்சில் கை வைத்துச் சொல்வார், மகளுக்காக என்று. பொய் இல்லை. கீர்த்தனா கபடி ஆடுகிறவள். பல்கலைக்கழக அணியில் ரைடர். நாலு வருடமாக ஆடுகிறாள். மாமா ஓர் ஆட்டம் பார்த்ததில்லை. ஒவ்வொரு தடவையும் ஷிப்மெண்ட் குறுக்கே வந்துவிடும். பக்கத்தில் கோயமுத்தூரில் நடந்தபோதுகூட ஒரு கண்டெய்னர் வந்து வாசலில் நின்றுவிட்டது. இந்த வருடம் அணி வடக்கே போய், பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, யூடியூபில் நேரலை. கல்லூரிப் பெண்ணாக அவள் ஆடுகிற கடைசி ஆட்டம் அது. சனிக்கிழமை போனில் கேட்டாளாம்: "இந்தத் தடவையாச்சும் பாப்பீங்களாப்பா? அப்பறமாப் பாக்கறதெல்லாம் வேண்டாம். நான் ஆடறப்பவே பாக்கோணும்."

"பாக்காம கண்ணு? வேர்வை சொட்டறது தெரியற மாதிரி பாக்கறேன் பாரு!" என்று இவர் சத்தியம் செய்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கு நான் போனேன். அக்கா பட்டுச்சேலை கட்டி, தட்டில் முறுக்கு எடுத்து வைத்து, கோயிலுக்குக் கிளம்பியவள் போல உட்கார்ந்திருந்தாள். மாமா என்னை வெள்ளை டேப்புக்கு மேல் உட்காரவைத்துக் காதை அளந்தார். ஹெலிகாப்டர் வந்தது. தவளை வந்தது. "நாலாச்சுங்க" என்றாள் அக்கா. "இந்தா, போட்டுட்டேன்" என்று யூடியூபைப் போட்டார். பச்சைச் சட்டையில் ஏழு பெண்கள் கையைக் கோத்துக்கொண்டு திரை முழுக்க வந்து நின்றார்கள். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. யப்பா!

அப்போதுதான் மாமா சட்டைப் பையில் கை விட்டார். வெளியே வந்தது நாலு விரல் அகலத்துக்கு ஒரு பச்சைத் துணி. மகள் அணிக்கு ஜெர்சி தைத்துக் கொடுத்தவர் இவர்தான்; மூன்று முறை சாயப்பட்டறைக்குத் திருப்பி அனுப்பி, நாலாவது முறை ஒப்புக்கொண்ட பச்சை அது.

"மாப்ள, பாருங்க. டிவில மஞ்சளாட்ட அடிக்குது. நம்ம பச்சை இது இல்லீங்."

"கேமரா அப்பிடி இருக்குமுங்க மாமா."

"கேமரா என்னத்தக் கேமரா? ஷேட் மாறுதுங்க மாப்ள!"

அந்தத் துணியை என் கையில் கொடுத்துத் திரையோடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னார். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தால் நிறத்தை ஒப்பிட முடியுமா? முடியாது. ஆகவே ஆட்டத்தை நிறுத்தினார். நேரலையை ஐயா, நேரலையை! அங்கே பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே ஒரு பச்சைச் சட்டை ஒற்றைக் காலைத் தூக்கியபடி அந்தரத்தில் நிற்கிறது.

"ஏனுங்க, அது வந்து, கீர்த்தனா..." என்று அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"சித்த இரு நிர்மலா. ரெண்டே நிமிசம்."

பெண்கள் கபடியில் பாதிக்குப் பதினைந்து நிமிடம்தான். மாமாவின் ரெண்டு நிமிடம் எவ்வளவு என்று அக்காவுக்கு இருபத்தைந்து வருட அனுபவம். முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு, சத்தம் இல்லாமல் மாடிப்படி ஏறிவிட்டாள். நான் ஏன் போகவில்லை என்று கேட்காதீர்கள். என் கையில் துணி இருந்தது. திரையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் என் மூக்கு. எனக்குப் பச்சையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. மாமா ஒரு ரிமோட்டை வைத்து இன்னொன்றை எடுத்தார். சிவப்பைக் குறைத்தார், நீலத்தைக் கூட்டினார், விளக்குப் பெட்டியைப் போட்டார், அணைத்தார். "வந்துருச்சு, வந்துருச்சு, ஐயோ போச்சு" என்றார். கொஞ்சம் ஓடவிடுவார், ஒரு பச்சை கிடைத்ததும் மறுபடி நிறுத்துவார். வர்ணனை இந்தியில் வந்தது. "நடு ஸ்பீக்கர் மட்டும் தனியாப் பேசுது" என்று அதையும் அணைத்தார்.

திடீரென்று தலைக்கு மேல் தடதடவென்று சத்தம். கால்களால் தரையை உதைக்கிற சத்தம், கைதட்டல், "போட்டுத் தள்ளு, போட்டுத் தள்ளு!" என்று ஒரு கூச்சல். மாமா அப்படியே கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"கேட்டுச்சுங்களா மாப்ள? மேல இருந்து வருது பாருங்க! மைதானத்துக்குள்ளயே உக்காந்த மாதிரி இல்லீங்?"

"மாமா," என்றேன், "படம் நின்னுட்டு இருக்குதுங்."

"அதானுங்க. படம் நின்னாலும் சவுண்டு நிக்கல பாருங்க. டெக்னாலஜிங்க!"

கூரை ஸ்பீக்கருக்கும் மாடியில் குடியிருப்பவர்களுக்கும் வித்தியாசம் தெரியாதவருக்கு நான் என்னத்தைச் சொல்லிப் புரியவைக்க? அங்கே மாடியில், நதியாவின் இருபத்துநாலு அங்குலப் பழைய டிவி முன்னால் தரையில் உட்கார்ந்து, முனீஸ், நதியா, பக்கத்து அறைக்காரர்கள் எல்லோரும் என் அக்காவின் முறுக்கைத் தின்றுகொண்டு முழு ஆட்டத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எனக்குப் புரிந்தபோதுகூட நான் துணியைக் கீழே வைக்கவில்லை. அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஒருவழியாக மாமா கத்தினார்: "ஷேட் ஓகே!" உண்மையிலேயே ஓகேதான். திரை எது, துணி எது என்று எனக்குத் தெரியவில்லை. கை தட்டலாம் போல இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, நேரே நேரலைக்குத் தாவினார். 'நேரலை முடிந்தது' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அந்த எழுத்துதான் எவ்வளவு துல்லியம்!

மாடிப்படியில் கொலுசுச் சத்தம். அக்கா போனை நீட்டிப் பிடித்தபடி வந்தாள். கண்ணெல்லாம் ஈரம். வீடியோ காலில் கீர்த்தனா. தலைமுடி கலைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, பின்னால் ஒரே கூச்சல்.

"அப்பா, பாத்தீங்களா?"

"பாத்தேன் கண்ணு! எண்பத்தஞ்சு இஞ்சில! இங்க நிக்கற உம் மாமா வேணா சாட்சி! நம்ம பச்சை அப்பிடியே நிக்குது கண்ணு, ஒரு பாயிண்ட் மாறல!"

அவள் குனிந்து தன் சட்டையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"அப்பா," என்றாள் கீர்த்தனா, "பச்சை அவங்க டீமுங்கப்பா. ரெண்டு பேருதும் பச்சையா இருக்குதுன்னு டாஸ் போட்டாங்க. நாங்க மஞ்ச போட்டு ஆடுனோம்."

அப்போதுதான் மாமா போனைச் சரியாகப் பார்த்தார். மஞ்சள் சட்டை. நான் கையிலிருந்த துணியைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். யாரிடமிருந்து என்று தெரியவில்லை. நாற்பது நிமிடம், எதிரணிப் பெண்களை நிறுத்தி நிறுத்தி, தன் மகளுக்காக ஒப்புக்கொண்ட பச்சைக்குக் கொண்டுவந்திருக்கிறார் மனிதர். மகள் எந்த ஓரத்தில் நின்றாள், எப்படி ஓடினாள், எங்கே விழுந்தாள், ஒன்றும் தெரியாது. பெற்ற பெண்ணைத் தேடாமல் நிறத்தைத் தேடியிருக்கிறார்.

"சரிங்கப்பா, பஸ்ஸு வந்துருச்சு, வெச்சரட்டுங்களா?" என்றாள் அவள். கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மாமா அக்கா கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். போன் அணைந்த பிறகும் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். இருபது வருடமாக ஊரே மதித்த கண் அது. கலங்கிப்போயிருந்தது.

நன்றாகத்தான் சிரித்தீர்கள். மகுடேஸ்வரனைப் போல ஓர் ஆள் எங்கள் தெருவிலும் இருக்கிறான் என்று யாரையோ நினைத்துக்கொண்டீர்கள், எனக்குத் தெரியும். இருக்கட்டும். ஸ்பீக்கர் எத்தனை, ரிமோட் எத்தனை என்று கேட்டால் இப்போது ஒப்பிப்பீர்கள். டிவி என்ன கம்பெனி என்று கேட்கலாமா என்றுகூட நடுவில் யோசித்திருப்பீர்கள். ஆனால் அந்தப் பெண் ஜெயித்தாளா தோற்றாளா என்று இந்த நிமிடம் வரை என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா நீங்கள்?