எனக்கு நானே கொடுத்த பென்ஷன்

எனக்கு யார் மீதும் பொறாமை கிடையாது. என் மச்சான் சவரிமுத்து ஒருவரைத் தவிர.

மூன்றாம் வகுப்போடு கப்பலேறிப் போர்ட் பிளேயருக்கு வந்தவன் நான். எழுபதுகளின் கடைசியில் இங்கே ஓடிய டோங்கி என்னும் மீன்பிடிப் படகுகளில் பாதி என் பட்டறையில் கட்டியவை. (மீதிப் பாதி ஒழுகும்.) என் மனைவி ரோசம்மாளின் அண்ணனான சவரிமுத்துவோ, அரசாங்க மரமில்லில் முப்பது வருடம் பலகை எண்ணிவிட்டு ரிட்டையர் ஆனவர்.

பேங்கில் அவருக்குப் பென்ஷன்காரர்களுக்கான தனிக் கணக்கு. போனதும் ஃபேனுக்கு அடியில் நாற்காலி. "பைட்டியே சாப், பைட்டியே" என்று கிளார்க் உட்கார வைப்பார். அவரைவிடப் பத்து மடங்கு சம்பாதித்த நான் வரிசையில் வேர்த்து நிற்பேன்.

"எங்க அண்ணன் சும்மா படுத்திருந்தாலும் சர்க்கார் காசு தருது. நீங்க ஒரு நாள் படுத்தா அடுப்பு எரியாது" என்றாள் ரோசம்மாள்.

அடுப்பு கிடக்கட்டும், என் வயிறு எரிந்தது. மச்சானிடமே விசாரித்தேன்.

"அந்தக் கணக்குக்கு பென்ஷன் ஆர்டர் வேணும் மாப்ள. வேலை குடுத்த மொதலாளி எழுதித் தரணும்."

"அவ்வளவுதானே? என் மொதலாளி நான்தான்!"

பஜாரில் டைப்படிப்பவரிடம் என் பட்டறை பில் தாளிலேயே இங்கிலீஷில் அடித்து வாங்கினேன். 'தனக்குத் தானே இருபத்தைந்து வருடம் உண்மையாய் உழைத்த மிஸ்திரி அந்தோணியின் நற்குணத்தை மெச்சி, மாதம் இருநூறு ரூபாய் பென்ஷன் சாங்ஷன் செய்யப்படுகிறது. இப்படிக்கு, முதலாளி, மிஸ்திரி அந்தோணி.' (நற்குணம் நான் சொல்லிச் சேர்த்தது.)

மறுநாள் பேங்கில் எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. திக்லிபூர் மண்டல் பாபு மூன்று டோங்கிகளுக்கு அங்கேயே பணம் எடுத்து முன்பணம் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்த மழைக்காலம் முழுக்க எங்களுக்கு அதுதான் சோறு.

மெயின்லேண்டிலிருந்து வந்த தமிழ் மேனேஜர் என் தாளை இரண்டு முறை படித்தார். "மிஸ்திரி, இது வேலையை விட்டவங்களுக்கான கணக்கு. நீங்க இன்னும் வேலை பாக்கறீங்களே?"

ஃபேனுக்கு அடியில் மச்சான் கால்மேல் கால் போட்டுச் சிரித்தார். அந்தக் கால் ஆடிய ஆட்டத்தில் எனக்குப் புத்தி கெட்டது.

"யார் சொன்னா? விட்டாச்சு! மாதா சத்தியமா இனி உளியைத் தொட மாட்டேன். கை நடுங்குது, கண்ணும் தெரியல!" என்று கத்தி, நம்பட்டும் என்று தூணில் போய் ஒரு முட்டும் முட்டினேன்.

தூணுக்கு அந்தப் பக்கம் மண்டல் பாபு, கையில் நோட்டுக்கட்டோடு.

"அரே மிஸ்திரி! ரிட்டையர் ஹோ கயே?"

"ஜூட், பாபு! எல்லாம் பொய்!"

"நஹி நஹி. மாதா கி கசம் காயா ஹை!" அவர் கையெடுத்துக் கும்பிட்டார். என் சத்தியம் தன்னால் உடையக்கூடாதாம். நோட்டுக்கட்டு அவர் பைக்குள் போனது. பின்னாலேயே தெரு வரைக்கும் ஓடினேன்.

"மிஸ்திரி, அப்ப கணக்கு?" என்று உள்ளேயிருந்து மேனேஜர் கேட்டார்.

மூன்று டோங்கிகளும் பத்துபஸ்தியில் வேறொரு மிஸ்திரிக்குப் போயின. அந்த மழைக்காலத்தில் பாதி நாள் எங்களுக்கு அரிசி மச்சான் வீட்டிலிருந்து வந்தது. பென்ஷன் காசில் வாங்கிய அரிசி. (சோறு நன்றாக வேறு இருந்தது. அதற்கும் வயிறெரிந்தேன்.)

என் வீட்டில் அந்தத் தாள் இன்னும் சாகவில்லை. நேற்று குழம்புச் சட்டியில் கிடந்த கடைசிச் சூரை மீன் துண்டை ரோசம்மாள் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். நான் முறைத்தேன்.

"என்ன பாக்குறீங்க? என் நற்குணத்தை மெச்சி, எனக்கு நானே சாங்ஷன் பண்ணிக்கிட்டேன்."