அப்பாவின் கல்லில் கரைந்தது எத்தனை கிராம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம், அப்பாவைத் தவிர. அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது, இனி அவருக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பாய். உன் அத்தான் வந்தார், வேறென்ன. போனில் சொன்னால் அம்மாவுக்குக் கேட்டுவிடும். பார்வை மங்கின நாளிலிருந்து அவளுக்குப் பாம்புக்காது. அதனால்தான் கூரியர்.

கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்ததும் அம்மா என்னையா பார்த்தாள்? "ஞாயித்துக்கிழமை கல்லறைக்குக் கூட்டிட்டுப் போ. அவருக்கு எழுதி வச்சிருக்கறத என் கண்ணால பாக்கணும்" என்றாள். கல்லோ பாசி பிடித்துக் கன்னங்கரேலென்று கிடந்தது. உன் அத்தானைச் சோப்புத்தண்ணீரும் பிரஷ்ஷும் எடுத்து வரச் சொன்னேன். மனிதர் பாத்ரூம் கழுவுகிற ஆசிட் இரண்டு பாட்டிலோடு வந்து, நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டையும் கவிழ்த்துவிட்டார். சுற்றிலும் வரம்பு வைத்த கல்லா, ஒரு சொட்டு வெளியே போகவில்லை. புஸ்ஸென்று பொங்கியது. "அழுக்கு எப்படிக் கொதிக்குது பாத்தியா!" என்று அவருக்குப் பெருமை வேறு. நுரை கொஞ்சம் விலகியபோது அப்பாவின் தலையெழுத்தைக் காணோம்.

அப்போதுதான் உனக்குப் போன் போட்டேன். பயந்துவிடுவாய் என்று 'எங்கள் வீட்டுத் தரை' என்று சொன்னேன். தரை இல்லை தம்பி, அப்பா. நீ என்ன செய்தாய்? "பளிங்குன்னா கார்பனேட்டுக்கா, நூறு கிராம் கல்லை எழுபத்து மூணு கிராம் ஆசிட் தின்னுடும். முதல்ல தண்ணியை ஊத்து" என்றாய். குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. சரி, சலவைச் சோடா போடு, எழுபத்து மூன்று கிராம் ஆசிட்டுக்கு நூற்று ஆறு கிராம் என்றாய். அதோடு விட்டாயா? "பாட்டில்ல எத்தனை சதவீதம்னு போட்டிருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். நான் கண்ணாடியைத் தேடுவதற்குள் இங்கே பிறந்த தேதி போய்விட்டது. பத்து சதவீதம் என்று கண்டுபிடித்தபோது இறந்த தேதியும் போய்விட்டது. இரண்டு லிட்டர், இருநூறு கிராம் ஆசிட், இருநூற்றுத் தொண்ணூறு கிராம் சோடா என்று நீ அழகாகத்தான் கணக்குப் போட்டாய். உன் அத்தான் ஓடிப்போய் வாங்கியும் வந்தார். கொட்டினால் ஒரு சத்தமும் இல்லை. "பொங்கலைன்னா ஆசிட் தீந்துபோச்சுக்கா, கவலையை விடு" என்றாய். எப்படித் தீர்ந்தது என்று யோசித்தாயா? இருநூறு கிராமையும் அப்பாவே தாங்கிக்கொண்டார். உன் கணக்குப்படி இருநூற்று எழுபத்து நாலு கிராம் அப்பா போய்விட்டார்.

காசு மிச்சம் என்று அட்டைக் கனத்துக்குத்தானே எழுத்தைத் தூக்கிச் செதுக்கச் சொன்னோம்! பேர் போச்சு. நீ எழுதிக் கொடுத்த 'அன்பே உருவான கணவர், தந்தை' என்கிற வரியில் அன்பும் போச்சு, உருவும் போச்சு. அந்த மூலை கொஞ்சம் மேடு என்பதால் 'கணவர்', 'தந்தை' மட்டும் நிற்கிறது. யாருடைய கணவர் என்று கேட்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? அப்பா கோபக்காரர்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக இப்படியா? அம்மா இதைப் பார்த்தால் அந்த இடத்திலேயே விழுந்துவிடுவாள். எனக்கு ராத்தூக்கமில்லை. வெயில் பட்டால் கண் போய்விடும், ஒரு மாதம் வெளியே போகக்கூடாது என்று டாக்டர் சொன்னதாக நீ அவளிடம் ஒரு பொய் சொல். நீ சொன்னால்தான் நம்புவாள். அதற்குள் கல்தச்சரைப் பிடித்துவிடுகிறேன்.

உன் வீட்டில் அனைவருக்கும் என் ஆசிகள். நோய்நொடி அண்டாமல் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
அக்கா

பி.கு.: உறை ஒட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அம்மா பக்கத்து வீட்டுக்காரியோடு ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். விழவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து காப்பி கேட்டாள். "போறப்பல்லாம் அந்த எழுத்த நகத்தால சுரண்டிப் பாப்பேன், ஒரு புள்ளிகூட அசையாது. உன் வீட்டுக்காரர் ஒரே நாள்ல முடிச்சிட்டாரே!" என்றாள். சின்ன வயதில் நீயும் நானும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கேட்ட சத்தமெல்லாம் அவள் மேல் விழுந்த அடிதானே. கல்தச்சர் வேண்டாமாம். 'தந்தை' இருக்கட்டும், அது உங்கள் பாடு என்கிறாள். 'கணவர்' என்கிற ஒரு சொல்லுக்கு மட்டும் ஆசிட் எத்தனை கிராம் என்று கணக்குப் போட்டு அனுப்பு. சோடா தேவையில்லையாம்.