மரியாதைக் கைது

"தப்பு எதுவும் பண்ணாத ஆளாப் பார்த்துப் பிடிச்சிட்டு வாங்கய்யா!"

காவல் நிலையத்துச் சுவரை ஒட்டிப் பேருந்துக்கு நின்றவர்களின் காதில் இது விழுந்தது. இன்ஸ்பெக்டரின் குரல். எல்லோரும் சிரித்தார்கள். துணிப்பையோடு நின்ற முடிதிருத்துபவரும் சிரித்தார். மனைவிக்குப் பிரசவ வலி. அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

ஏட்டு வெளியே வந்தார். எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு, முடிதிருத்துபவரைக் கும்பிட்டு உள்ளே அழைத்துப் போனார்.

விஷயம் இதுதான். அது காவலர் நன்னடத்தை வாரம். கைதானவரிடம் கண்ணியமாக நடப்பது எப்படி என்று நிலையத்தார் செய்து காட்ட வேண்டும். மேலதிகாரி வந்து பார்ப்பார். கண்ணியம் தயார். கைதிதான் இல்லை. வழக்கமாக அகப்படுகிற பிக்பாக்கெட் ஆசாமிகூட, போலீஸ் மரியாதை கொடுக்கப் போகிறது என்று கேள்விப்பட்டதும் பயந்துபோய் வெளியூருக்கு ஓடிவிட்டான்.

"நான் என்ன சார் தப்பு பண்ணேன்?"

"ஒண்ணுமே பண்ணலைங்க. அதனாலதான் உங்களைத் தேர்ந்தெடுத்தோம்," என்றார் இன்ஸ்பெக்டர். "தப்பு பண்ணவனைக் கொண்டு வந்தா எங்க ஆளுங்க கை சும்மா இருக்காது. பழக்க தோஷம்."

லாக்கப்பில் மெத்தை போட்டார்கள். ஏட்டு விசிறினார். "கைது செய்யப்பட்டவர் அவர்கள் டீ சாப்பிடுகிறார்களா?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டார். மேலதிகாரி வருகிற வழியாக இல்லை. முடிதிருத்துபவரின் மைத்துனிதான் ஆஸ்பத்திரியிலிருந்து அவரைத் தேடிக்கொண்டு ஓடி வந்தாள்.

"மாமா! அக்காவுக்கு ஆபரேஷனாம். உங்க கையெழுத்துக்காகக் காத்துட்டு இருக்காங்க. நீங்க இங்க உக்காந்து டீ குடிக்கிறீங்க!"

"குடிக்கலைன்னா இவங்க மனசு புண்படுதும்மா."

ஒரு வழியாக மேலதிகாரி வந்தார். மெத்தையை அமுக்கிப் பார்த்தார். திருப்தி.

"உங்களுக்கு ஏதாவது குறை உண்டா?"

"வெளிய விட்டாப் போதும் சார்."

"தாராளமா விடலாம். என்ன குற்றம்?"

"குற்றம் இல்லைங்க ஐயா," என்றார் இன்ஸ்பெக்டர் பெருமையோடு.

மேலதிகாரியின் முகம் சுருங்கியது. "அப்ப எப்படிய்யா விடறது? ஏதாவது ஒரு குற்றத்திலேருந்துதானே விடுதலை பண்ண முடியும்? குற்றமே இல்லாதவரை எதிலேருந்து விடுவிக்கிறது? விதியை மீறி நான் எதுவும் செய்ய மாட்டேன். அதுவும் இந்த வாரத்துல!"

ஜன்னலுக்கு வெளியே கூட்டம் கைதட்டியது. பேருந்துகள் வந்து போயிருந்தன, ஒருவரும் ஏறவில்லை. "எங்க வீட்டுக்காரரையும் ஒரு வாரம் வச்சுக்கோங்க சார், ஆள் மெலிஞ்சு போயிட்டாரு," என்றாள் ஒருத்தி. ஓர் இளைஞன் கைதியோடு சேர்ந்து படம் எடுத்துக்கொண்டான்.

மைத்துனி கம்பிக் கதவைப் பிடித்து இழுத்தாள். அது திறந்துகொண்டது.

"பூட்டவே இல்லையே!"

"நிரபராதியைப் பூட்டி வைக்கிறது ஒழுக்கக்கேடு அம்மா," என்றார் இன்ஸ்பெக்டர், புண்பட்ட குரலில். "ஆனா அவராத் தாண்டி வந்தா அது தப்பியோட்டம். அதுக்குக் கேஸ் உண்டு."

"கேஸ் போட்டா போடட்டும். வாங்க மாமா. அக்கா உசுரு மாமா!"

அவர் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்தார்.

"இவ்வளவு மரியாதையா வச்சிருக்காங்க, இந்த ஆளுக்கு என்ன அவசரம்?" என்றது ஜன்னல் பக்கமிருந்து ஒரு குரல்.

அவர் ஜன்னலைப் பார்த்தார். மேலதிகாரியைப் பார்த்தார். மைத்துனி நீட்டிய கையையும் பார்த்தார். பிறகு கம்பிக் கதவை உள்பக்கமிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டார்.