அழுக்காகாத வெள்ளை ஷூ

நான் ஒரு பாவம் செய்திருக்கிறேன். முப்பது குழந்தைகளின் விளையாட்டு நேரத்தை ஒரே மூச்சில் விழுங்கியிருக்கிறேன். அதுவும் "வெளியே போய் விளையாடுங்கள்" என்று சொல்லும் படக்கதையைக் கையில் வைத்துக்கொண்டு.

பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு சிறுமி ஊரெல்லாம் ஓடும் கதை. எழுதியவன் நான்தான். (நான் கடைசியாக ஓடியது மேட்டுப்பாளையம் பஸ்ஸைப் பிடிக்க. பஸ் போய்விட்டது.) துடியலூரில் என் மகள் யாழினி யூ.கே.ஜி. படித்த பள்ளியில் அதை வாசிக்கக் கூப்பிட்டார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. யாழினி காலையிலேயே வெள்ளை ஷூவுடன் வந்து நின்றாள்.

"இன்னைக்கு நான்தானுங்கப்பா கோல்கீப்பர். போன வாரமே மிஸ் சொல்லிட்டாங்க."

"சரி கண்ணு, தள்ளி நில்லு," என்றேன். கண்ணாடி முன் வாசித்துப் பழகிக்கொண்டிருந்தேன்.

பள்ளியில் எனக்குக் கடைசி பீரியடைக் கொடுத்திருந்தார்கள்.

"வாரத்துல இந்த ஒரு பீரியடுதானுங்க சார் கிரவுண்டு. பரவாயில்லீங்க, நீங்க படிங்க," என்றார் மிஸ். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கைத்தட்டல் நினைப்பில் இருந்தவனுக்கு எங்கே உறைக்கும்?

கதையில் ஒவ்வொரு பக்கமும் "வெளியே வா, ஓடி வா!" என்று முடியும். முதல் பக்கத்தைக் குரலை ஏற்றி இறக்கி முடித்தேன். முப்பது பேரும் எழுந்து வாசலுக்கு ஓடினார்கள். நானும் மிஸ்ஸும் கையை விரித்து மறித்தோம்.

"அது கதைக்குச் சொல்றது கண்ணுங்களா. உக்காருங்க!"

இரண்டாம் பக்கத்திலும் அதே ஓட்டம். மூன்றாம் பக்கத்துக்கு முன்பே மிஸ் கதவைத் தாழிட்டுவிட்டார். ஆறாம் பக்கத்தில் ஒருவரும் எழவில்லை. கதையில் ஒன்றிப்போய்விட்டார்கள் என்று நினைத்துப் பூரித்தேன், மடையன். இன்னும் ஆறு பக்கங்களை நிறுத்தி நிதானமாக வாசித்தேன். மணி அடித்தது.

வண்டியில் வீடு திரும்பும்போது யாழினியிடம் கேட்டேன்.

"கதை எப்படி கண்ணு இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுங்கப்பா." கொஞ்ச தூரம் போனதும் காலை நீட்டிப் பார்த்தாள். "என்ற ஷூ அழுக்கே ஆவலீங்கப்பா."

எனக்கு வண்டி ஓட்ட முடியவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டேன்.

இப்போது அவள் மூன்றாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை ஷூ கழுவுவது என் வேலை. எவ்வளவு சேறு இருந்தாலும் வாய் திறப்பதில்லை. என்றைக்காவது அது சுத்தமாக வந்துவிட்டால்தான் ஆபத்து. சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வரும்.

"ஏனுங்க, இன்னைக்கும் பள்ளிக்கூடத்துல போயிக் கதை படிச்சுப்போட்டு வந்தீங்களா?"