நாலு கை வேண்டிய வேலை

"அவர்கிட்ட சொல்லு, அந்த ஸ்க்ரூவுக்கு அந்த ஸ்க்ரூடிரைவர் சேராதுன்னு" என்றார் தையல்காரர், ஜன்னலுக்கு உள்ளே நின்றபடி.

"தம்பி, அது சேராதாம்" என்றாள் அவர் மனைவி, வாசற்படியில் நின்றபடி.

"எனக்குத் தெரியும்னு சொல்லுக்கா" என்றான் அவள் தம்பி பல் டாக்டர், காரின் முன்னால் மண்டி போட்டபடி.

"தெரியுமாம்."

மூன்று பேருக்கும் நடுவே பத்தடி தூரம்கூட இல்லை. ஒருவர் தும்மினால் மற்ற இருவருக்கும் சாரல் அடிக்கும். இருந்தாலும் அந்த வீட்டில் அத்தான் வார்த்தை மச்சினனுக்குப் போக வேண்டுமென்றால் அக்கா வழியாகத்தான் போகும். இரண்டு வருஷமாக இப்படித்தான். தபால்காரருக்காவது ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு, அவளுக்கு அதுவும் இல்லை.

சண்டைக்குக் காரணம் ஒரு பேன்ட்.

தையல்காரருக்குக் கல்யாணமானபோது, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்த பத்து வயதுப் பையன்தான் இந்த டாக்டர். பள்ளிக்கூடச் சட்டையிலிருந்து வெள்ளைக் கோட்டு வரை அத்தான் தைத்ததைத்தான் போட்டு வளர்ந்தான். அவன் சொந்தமாக ஆஸ்பத்திரி திறந்த அன்றைக்கும் அத்தான் தைத்த கோட்டு சூட்டுதான். ரிப்பனை வெட்டக் குனிந்தான். ரிப்பனுக்கு முன்னால் பேன்ட் கிழிந்தது. வந்திருந்தவர்களில் யார் யாருக்குக் கடைவாய்ப் பல் இல்லை என்பது அன்றைக்கே அவனுக்குத் தெரிந்துபோயிற்று. அப்படி வாயைத் திறந்து சிரித்தார்கள்.

"இதுதான் உங்க தையலா?" என்று கேட்டான்.

"தையல் சரிதான். உடம்புதான் பெருத்துப் போச்சு" என்றார் அவர், அத்தனை பேர் முன்னாலும்.

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவன் கடையில் ரெடிமேட் வாங்கிப் போட ஆரம்பித்தான். சாப்பாடும் மாடியிலேயே. அக்கா தட்டைத் தூக்கிக்கொண்டு இருபத்திரண்டு படி ஏறுவாள். கீழே சாப்பாட்டு மேஜையில் அவன் நாற்காலி மட்டும் அப்படியே கிடந்தது. அது காலியாகத் தெரியக் கூடாது என்று தையல்காரர் அதன்மேல் வெட்டின துணியை அடுக்கி வைத்தார். அடுக்கி வைத்த துணியையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

அவருக்குள் ஒரு முள் இருந்தது. அந்த பேன்ட்டுக்குப் பின்பக்கம் இரட்டைத் தையல் ஓட்டியிருக்க வேண்டும். அவசரத்தில் ஒற்றையோடு விட்டுவிட்டார். இது அவருக்கு அப்போதே தெரியும். நாற்பது வருஷம் ஊசி பிடித்த கைக்கு அது தெரியாதா? ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து ஒப்புக்கொண்டால் போதும், பையன் படியிறங்கி வந்துவிடுவான். அந்த வாய்தான் திறக்க மாட்டேன் என்றது. பல் டாக்டர் வீட்டிலேயே இருந்தும் திறக்காத வாய்.

இப்போது இந்தக் கார். யாரோ வைத்திருந்து விற்றதை அவன் ஆசைப்பட்டு வாங்கியது. சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே பேர் உட்காரலாம். தரையோடு தரையாக இருக்கும். உள்ளே உட்கார்ந்தால் தெருநாயோடு கண்ணுக்குக் கண் பேசலாம். அதன் வலது பக்க விளக்கு காலையிலிருந்து எரியவில்லை. சாயந்திரம் அவன் பக்கத்து ஊரில் பல் பரிசோதனை முகாமுக்குப் போக வேண்டும். திரும்புவதற்குள் இருட்டிவிடும்.

"உன் மெக்கானிக்கைக் கூப்பிடேன்டா. அதான் அந்தக் கண்ணாடிக்காரர்" என்றாள் அக்கா.

"அவர் ஊர்ல இல்லைக்கா. நானே பல்பை மாத்திடறேன்."

"பல்பு மாத்த எதுக்கு வண்டியோட மூஞ்சியைக் கழட்டறே?"

"இந்த வண்டி அப்படித்தான். பல்பை மாத்தணும்னா விளக்கை மொத்தமாக் கழட்டணும். விளக்கைக் கழட்டணும்னா முன்பக்கத்து பம்பரைக் கழட்டணும். பம்பரைக் கழட்டணும்னா…" என்று சொல்லிக்கொண்டே பம்பருக்கும் வண்டிக்கும் நடுவில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினான்.

ஜன்னலில் தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டார். நல்ல பட்டுத்துணியைக் கடப்பாரையால் பிரிப்பதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

"பிரிக்கத் தெரியாதவன் எதுக்குப் பிரிக்கணும்னு கேளு" என்றார். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், கழுத்தில் தொங்கிய அளவு டேப்போடு வெளியே வந்துவிட்டார்.

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அடுப்பை அணைச்சுட்டேன். நான் கடைத்தெருவுக்குப் போறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினாள்.

தூது போனபின் இரண்டு ராஜாக்களும் திகைத்து நின்றார்கள். நடுவில் பேசுவதற்கு யாருமில்லை. கார்தான் இருந்தது.

தையல்காரர் காரைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார். "இந்த வண்டிக்கு அறிவிருந்தா, முதல்ல சக்கரத்துக்கு உள்பக்கம் இருக்கற ஸ்க்ரூவைக் கழட்டச் சொல்லும்."

டாக்டரும் காரையே பார்த்தான். "இந்த வண்டிக்கு அறிவெல்லாம் நிறைய இருக்கு. கைதான் உள்ள போகலை."

"ஒல்லியான கை வேணும்னா வண்டி கேட்கலாம். கேட்டாத் தப்பில்லை."

கார் ஒன்றும் கேட்கவில்லை. தையல்காரரே கையை உள்ளே விட்டுக் கழற்றினார். கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் குண்டூசிக் காந்தத்தில் ஒட்டவைத்து, எது எந்த இடத்துக்கு என்று சிமென்ட் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டு வைத்தார். பார்த்தால் அந்தக் காருக்கு ஒரு சட்டை தைக்கப்போகிறார் என்றுதான் தோன்றும்.

அடுத்தது பிளாஸ்டிக் கிளிப்புகள். முதல் கிளிப் 'டக்' என்று உடைந்தது.

"ஒரு பட்டன் போனா சட்டை கெட்டுப்போகாது" என்றார் காரிடம்.

இரண்டாவதும் உடைந்தது. மூன்றாவது பறந்துபோய்ச் சாக்கடையில் விழுந்தது.

"இப்ப சட்டைல காலர் மட்டும்தான் மிச்சம்னு வண்டி சொல்லுது" என்றான் டாக்டர்.

தையல்காரருக்குச் சிரிப்பு வந்தது. அதை அளவு டேப்பால் வாயைத் துடைப்பதுபோல் மறைத்தார்.

கடைசியில் பம்பர் வந்தது. இடது முனை அவர் கையில், வலது முனை இவன் கையில். இரண்டு பேரும் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள். நகர்ந்ததும் நின்றுவிட்டார்கள். நடுவில் ஒரு வயர். இழுத்துக் கட்டின கொடிக்கயிறு மாதிரி விறைத்து நின்றது. பின்னால் போனால் அறுந்துவிடும். கீழே வைத்தால் சிவப்புப் பெயின்ட் தரையில் உராய்ந்து பல்லிளித்துவிடும். திரும்ப மாட்டலாம் என்றால் கிளிப் சாக்கடையில் இருக்கிறது. ஒருவர் கையை விட்டாலும் மற்றவரால் தனியாகப் பிடிக்க முடியாது.

நின்றார்கள்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து ஆயிற்று. வெயில் ஏறியது. காரிடம் பேசுவதற்குக்கூட இரண்டு பேரிடமும் மூச்சு இல்லை. டாக்டரின் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து கண்ணுக்குள் இறங்கியது. அவன் கண்ணைச் சிமிட்டினான், தலையை உதறினான், ஒன்றும் பலிக்கவில்லை. தையல்காரர் பம்பருக்கு இடுப்பால் முட்டுக்கொடுத்து, ஓரடி நகர்ந்து, முழங்கையை நீட்டி, சட்டைக் கையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டார். பத்து வயதில் மூக்கு ஒழுகிக்கொண்டு நின்ற பையனை எப்படித் துடைத்தாரோ, அப்படியே. துடைத்துவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டார். அவனும் வேறு பக்கம் பார்த்தான்.

வீட்டு முன்னறைதான் அவர் தையல்கடை; அதன் வாசலில் வெட்டுத்துணி மூட்டை ஒன்று கிடந்தது. அதைக் காலால் இழுத்துப் பம்பருக்கு அடியில் தள்ளினால் மெத்தைபோல் வைத்துவிடலாம். தையல்காரர் ஒரு காலை நீட்டினார். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்து, இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

டர்ர்ர்ர்.

நாற்பது வருஷம் கேட்டுப் பழகிய சத்தம். பின்பக்கம் காற்று ஜில்லென்று பட்டது. தானே அளவெடுத்து, தானே வெட்டி, தானே தைத்த பேன்ட்.

தெருவில் சைக்கிளில் போன ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு, மரியாதைக்கு மறுபடி முன்னால் பார்த்துக்கொண்டார்.

தையல்காரர் அசையவில்லை. காலும் நீட்டியபடியே இருந்தது. வரப்போவது என்ன என்று அவருக்குத் தெரியும். இரண்டு வருஷமாக அந்தப் பையன் வட்டி போட்டு வைத்திருக்கும் அந்த ஒரு கேள்வி. கேட்கட்டும். கேட்க வேண்டியதுதான்.

மறுமுனையில் பம்பர் லேசாக நடுங்கியது. டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். பிறகு காரைப் பார்க்காமல், நேராக அவரைப் பார்த்து, மெல்லச் சொன்னான்:

"தையல் சரிதான் அத்தான். உடம்புதான்."

அவர் நீட்டியிருந்த காலை மெல்ல இழுத்துக்கொண்டார்.

"இல்ல மாப்ளே" என்றார். "இதுல ரெட்டைத் தையல் போட்டிருக்கேன். இது உடம்புதான். அன்னிக்கு உன்னோடதுலதான் ஒத்தைத் தையல். அவசரத்துல விட்டுட்டேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும். வாய் வரலை."

"எனக்குத் தெரியும் அத்தான். வீட்டுக்கு வந்ததும் உள்பக்கம் திருப்பிப் பார்த்துட்டேன்."

"தெரிஞ்சுமா கேட்காம இருந்தே?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அதோட, உடம்பும் கொஞ்சம் பெருத்துத்தான் போயிருந்துச்சு."

அக்கா கடைத்தெருவிலிருந்து திரும்பியபோது, இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரு காரின் மூஞ்சியைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் பின்பக்கம் திறந்துபோய் நின்றார்.

"என்னடா ஆச்சு?"

"அவரையே கேளுக்கா" என்றான் தம்பி.

"ஏன், நீயே சொல்லேன் மாப்ளே" என்றார் கணவர்.

அவள் பையைக் கீழே வைத்தாள். "அப்ப எனக்கு வேலை போச்சா?" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயில் என்றாள். பிறகு மூட்டையை இழுத்துப் பம்பருக்கு அடியில் போட்டாள். பம்பர் இறங்கியதும் டாக்டர் அந்த வயரைப் பிடுங்கிவிட்டான். ஒரு கையால் பிடுங்குகிற வயர்தான்.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. விளக்கைத் தாங்கியிருந்த ஸ்க்ரூக்களைக் கழற்றி, பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல் விளக்கை இருவரும் சேர்ந்து தூக்கி வந்து, கடைக்குள் துணி வெட்டும் மேஜையில் கிடத்தினார்கள். தையல்காரர் இடுப்பில் துண்டைச் சுற்றிக்கொண்டார். ஒரு ஸ்க்ரூ விளக்குக்கு உள்ளேயே விழுந்துவிட்டது. டாக்டர் மாடிக்கு ஓடிப்போய், முகாமுக்கு எடுத்து வைத்திருந்த பையிலிருந்து, வாய்க்குள் விட்டுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியையும் பல் பிடுங்கும் குறடையும் கொண்டுவந்தான்.

"வலிக்குமா?" என்று கேட்டார் தையல்காரர்.

"மரத்துப்போக ஊசி போட்டாச்சு" என்று ஸ்க்ரூவை எடுத்துக் காட்டினான்.

புதுப் பல்பு போட்டு, விளக்கைக் கொண்டுபோய் வயரோடு சேர்த்து, சுவிட்சைப் போட்டார்கள். எரியவில்லை. பழைய பல்பை இடது பக்கத்தில் போட்டுப் பார்த்தார்கள். ஜம்மென்று எரிந்தது.

"பல்பு நல்லாத்தானே இருக்கு மாப்ளே?" தையல்காரருக்கு உள்ளூரப் பயமாக இருந்தது. பேசியது பேசியாயிற்று, பையனின் வண்டியைக் கெடுத்துவிட்டோமோ. "நான் கையை விட்டப்ப எதையாவது அறுத்துட்டேனா?"

"ஒண்ணும் ஆகியிருக்காது அத்தான். சாப்பிட்டுட்டுப் பார்க்கலாம்."

"சாயந்திரம் நீ போகணுமே."

"போயிடலாம்."

தையல்காரர் உள்ளே போய், அந்த நாற்காலியிலிருந்த துணி அடுக்கை எடுத்துக் கீழே வைத்தார். தூசியைக் கையால் தட்டினார். இன்னொரு தடவையும் தட்டினார். அவன் வந்து உட்கார்ந்தான். அக்கா மூன்று தட்டு வைத்தாள். இருபத்திரண்டு படி ஏறாத சாப்பாடு சூடாகவே இருந்தது.

"உன் அளவு பழசாயிருக்கும். சாப்பிட்டதும் எடுக்கணும்" என்றார் தையல்காரர்.

"சாப்பிடறதுக்கு முன்னாடி எடுங்க. ரெண்டு இஞ்சு மிச்சம்."

"சொல்ல மறந்துட்டேன்டா" என்றாள் அக்கா, பரிமாறிக்கொண்டே. "கடைத்தெருவுல உன் மெக்கானிக்கைப் பார்த்தேன். ஊர்லதான் இருக்கார். விளக்கு எரியலைன்னு சொன்னேன், இதோ வர்றேன்னார்."

டாக்டருக்குச் சோறு புரையேறியது. தையல்காரர் அவன் தலையில் தட்டிக்கொண்டிருந்தபோதே வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. கண்ணாடிக்கார மெக்கானிக் உள்ளே வந்தார். துணி வெட்டும் மேஜைமேல் படுத்திருந்த ஸ்க்ரூடிரைவரையும் குறடையும் பார்த்தார். தையல்காரரின் இடுப்புத் துண்டைப் பார்த்தார். கடைசியில், ஒரே மேஜையில் மூன்று தட்டு இருப்பதைப் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து சின்னதாக எதையோ எடுத்து நீட்டினார்.

"என்ன டாக்டர், ரெண்டு ஆள் சேர்ந்தாத்தான் முடியும், ஆனா வண்டிக்குச் சேதமாகாத மாதிரி ஒரு கோளாறு வேணும்னு கேட்டீங்களேன்னு இந்த ஃப்யூஸை உருவி வெச்சிருக்கேன், அத்தான் பேசிட்டாரா, இல்ல இடது பக்கத்தோடதையும் உருவணுமா?"