தோணி கறந்த ஐந்தரை லிட்டர்

சாந்தன்பாறை,
திங்கட்கிழமை காலை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை தனபால் அவர்களுக்கு,

நான் பேசாமல் இருந்தது போதும். எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருப்பது யாருக்குமே கஷ்டம். சொல்வதற்கு நிறைய வைத்திருக்கும் எனக்கு இன்னும் கஷ்டம். இங்கே முழங்கால் நீங்கலாக நான் நலம். அங்கே நீங்களும், என் தங்கை கோமதியும், புகுந்த வீட்டில் செல்வப்பிரியாவும், பதினான்கு மாடுகளும், சென்ற மாதம் பிறந்ததாகக் கேள்விப்பட்ட கன்றும் சுகமாக இருக்கவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அந்தக் கன்றின் அண்ணன் என் படகின் நீலப் பெயிண்டை ஒரு முழ அகலத்துக்கு நக்கித் தின்றதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் சாப்பிடும்போது போனை ஸ்பீக்கரில் போட்டுத் தண்ணீர்ச் சொம்பின் மேல் சாய்த்து வைப்பீர்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்திருக்கும் சம்பந்தி முதல் தேங்காய் பறிக்க வந்தவர் வரை எல்லோரும் கேட்பார்கள். நான் சொல்லப்போவது அப்படிக் கேட்கத் தக்கதல்ல. அதனால்தான் கடிதம்.

பழையதை முதலில் பேசி முடித்துவிடுகிறேன். செல்வப்பிரியாவின் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் என்ற இடத்தில் 'பூபதிராஜா, மூணாறு' என்று மட்டும் அச்சடித்தீர்கள். வேதியியலில் எம்.எஸ்ஸி. படித்து, தேயிலை ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருடம் தூளின் தரம் பார்த்தவனுக்கு அந்தச் சின்னப் பட்டத்தைச் சேர்க்க இடம் கிடைக்கவில்லை. சம்பந்தியின் தம்பிக்கு மட்டும் அவர் பாலிடெக்னிக்கில் வாங்கிய டிப்ளமோ வரைக்கும் இடம் இருந்தது. நான் கேட்டதற்கு நீங்கள், "பேரு தெரிஞ்சாப் பத்தாதுங்களா மச்சான், படிப்பையா மணவறைல உக்கார வெக்கப் போறம்?" என்றீர்கள். பந்தல்காரர் சிரித்தார். அப்போதுதான் நான், பட்டத்தோடு என் பெயர் அச்சில் வரும் நாள் வரை இந்த வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்திலும் என் கையெழுத்து இருக்காது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். சொன்னதைக் காப்பாற்றியும் வருகிறேன். போன பொங்கலுக்கு நான் அனுப்பிய வாழ்த்து அட்டை யாரிடமிருந்து வந்தது என்று கோமதி மூன்று நாள் யோசித்தாளாம்.

சரி, படகு. ஃபேக்டரி வேலையை விட்டபிறகு, இங்கே ஏலக்காய்த் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் விடுதிக்காரரின் ஏரியில் ஓட்டுவதற்காகப் பழைய டீசல் படகு ஒன்றை வாங்கினேன் அல்லவா. மழைக்காலத்தில் விடுதியை மூடிவிடுவார்கள், மழையில் படகை நிறுத்த இங்கே கூரை இல்லை, அதனால் போன ஆனி மாதம் லாரியில் ஏற்றி மீனாட்சிபுரத்துக்கு, உங்கள் தென்னந்தோப்பில், மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, நானும் உங்கள் வீட்டிலேயே தங்கினேன். நீங்கள் இடம் கொடுத்தீர்கள், மறுக்கவில்லை, அதற்கு நன்றி. ஆனால் வருகிற போகிற எல்லோரிடமும், "எங்க மச்சான் இந்தப்பக்கம் வெள்ளம் வருமுன்னு முன்னாலயே படிச்சுட்டாருங்க" என்று சொன்னதற்கு நன்றி கிடையாது.

படகை நிறுத்தி வைத்திருக்கும் நாளில் எஞ்சின் எண்ணெயை மாற்றிவிட வேண்டும். முன்பெல்லாம் இதை ஜிஜோ என்ற மெக்கானிக்தான் செய்துகொண்டிருந்தார். அவருடைய வேலையில் நான் பதினோரு தவறுகளை எழுதிக் காட்டியதும், "சாரே, இனி நீங்களே செஞ்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். செய்தேன். அங்கேதான் வினை. லாரி எஞ்சின் என்றால் அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றினால் எண்ணெய் இறங்கிவிடும். படகில் எஞ்சினுக்கும் அடிப்பலகைக்கும் நடுவில் ஒரு தோசைக்கல் நுழையாது. எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவிவிட்டு, அந்தத் துளை வழியாக மெல்லிய குழாயை விட்டு, மேலேயே உறிஞ்சி எடுக்க வேண்டும். அதற்கென்று உறிஞ்சி விற்கிறார்கள். எதை வாங்குவது என்று நான் ஆறு வாரம் ஆராய்ந்தேன், கோடு போட்ட நோட்டில் அட்டவணை போட்டேன், அதைப் பார்த்துக் கோமதி எனக்குப் பெண் பார்க்கிறார்களோ என்று கேட்டாள், ஐம்பத்து மூன்று வயதில்.

முதலில் வந்தது சைக்கிள் பம்பு போன்ற பித்தளைக் கைப்பம்பு. அருமையான பித்தளை. குழாய் மட்டும் துளையைவிடப் பருமன். துளையை அளக்காமல் வாங்கியது என் தவறு, ஆனால் விற்றவன் அளந்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இரண்டாவது பேட்டரியில் ஓடும் மின்சார உறிஞ்சி. எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு எண்ணெயைச் சூடாக்கிய பிறகுதான் உறிஞ்ச வேண்டும் என்று அதன் காகிதத்தில் எழுதியிருந்ததாம். நான் அதைப் படிப்பதற்குள் அது ராகிக்களி போலிருந்த சூடேறாத எண்ணெயை இழுக்கப் பார்த்து, முனகி, புகைந்து, அடங்கிவிட்டது. மூன்றாவது, கையால் அடித்தால் காற்றை வெளியேற்றி எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும் டப்பா. அதுதான் சரியான ஜாதி, இன்றைக்கும் சொல்வேன். ஆனால் என் எஞ்சின் குடிப்பது ஐந்தரை லிட்டர், டப்பா கொள்வது நான்கு. மீதி ஒன்றரை லிட்டர் எங்கே போயிற்று என்பதை என் வேட்டி அறியும். புது எண்ணெய் ஊற்றி ஓட்டிப் பார்த்தேன், அடியில் தங்கிய கசடு கலந்து அதுவும் கறுத்துவிட்டது, ஐந்தரை லிட்டரையும் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் நீங்கள் வராந்தாவில் பல் துலக்கிக்கொண்டே, "ஏனுங்க மச்சான், இதுக்கா இத்தனை பாடு? நம்ம கறவை மெசினும் உறிஞ்சறதுதானுங்களே, நாலு காம்பையும் எஞ்சின்ல மாட்டி உட்றலாமுங்க" என்றீர்கள். நீங்கள் வேடிக்கைக்குச் சொன்னீர்கள். நான் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. பாலுக்கான உறிஞ்சலும் எண்ணெய்க்கான உறிஞ்சலும் எப்படி வேறுபடும் என்று உங்களை வாய் கொப்பளிக்க விடாமல் முக்கால் மணி நேரம் விளக்கினேன். படிக்காதவர்களின் பேச்சு என்றும் சொன்னேன். அது ஞாபகம் இருக்கும் உங்களுக்கு. எனக்கும் இருக்கிறது, மாப்பிள்ளை, அதுதான் என்னைத் தின்கிறது.

ஏனென்றால் நீங்கள் சொன்னது சரி.

ஆவணியில் நீங்களும் கோமதியும் செல்வப்பிரியாவைப் பார்க்க இரண்டு நாள் போனீர்களே, அந்த முதல் நாள் மத்தியானம், உங்கள் கறவைக்காரர் கருப்புசாமி புல் அறுக்கப் போயிருந்த நேரம், கொட்டகையில் உபரியாகக் கவிழ்த்து வைத்திருந்த கறவை கேனையும் அதன் ரப்பர் குழாயையும் நான் எடுத்தேன். என் மூன்றாவது உறிஞ்சியின் மெல்லிய குழாயை அதன் முனையில் பொருத்தினேன். படகு தரையில் நின்றதால் எஞ்சினைக் குளிர்விக்க மாட்டுத் தொட்டியிலிருந்து தண்ணீர் விட்டுக்கொண்டே எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டி, எண்ணெயைச் சூடாக்கி, கறவை மோட்டாரைப் போட்டேன். நாலே நிமிடம். ஐந்தரை லிட்டரும் கேனுக்குள் வந்து விழுந்தது. ஒரு சொட்டுக் கீழே சிந்தவில்லை. படகில் தனியாக நின்று நான் கை தட்டினேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பிறகு கேனை வெந்நீரும் சோடாவும் போட்டு நான்கு தடவை கழுவினேன். எஃகு பளிச்சென்று ஆகிவிட்டது. மூடியின் ரப்பர் வளையமும் குழாயும் எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளும், எத்தனை கழுவினாலும் மெள்ள மெள்ளக் கக்கும் என்பது வேதியியலில் முதல் வருடப் பாடம். நான் நடத்திய முக்கால் மணி நேரப் பாடத்தில் அது இல்லை.

நீங்கள் திரும்பிவந்த மறுநாள் காலை உங்கள் வழக்கமான கேனின் மூடி வளையம் கிழிந்தது என்னுடைய துரதிர்ஷ்டம். உபரி கேனில் கறந்தீர்கள். சொசைட்டியில் பால் அளக்கும் வனிதா மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, "ஏனுங்கண்ணா, இது பாலுங்களா, பொள்ளாச்சி பஸ்ஸுங்களா?" என்று கேட்டதாக நீங்களே வந்து சொன்னீர்கள். பதினோரு வருடத்தில் உங்கள் பால் திரும்பி வந்தது அன்றைக்குத்தான். நீங்கள் கத்தவில்லை. கேனைக் கொட்டகை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, கருப்புசாமியைக் கூப்பிட்டு, மெசினுக்கு எண்ணெய் போடுகிறேன் என்று எதையாவது உள்ளே ஊற்றினாயா என்று மட்டும் கேட்டீர்கள். அவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "இருக்குமுங்க. என்ர கைதானுங்க பட்டிருக்கும்" என்றார். நீங்கள் சரி என்றீர்கள். அன்றிலிருந்து அவரைக் கறவையில் விடவில்லை. பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு மாட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கறந்தவர், இப்போது புல் வெட்டிப் போட்டுவிட்டுத் தூரத்தில் நிற்கிறார்.

இத்தனையும் நடக்கும்போது நான் எங்கே இருந்தேன் என்று கேட்பீர்கள். பத்தடி தள்ளிப் படகுக்குள் குனிந்து உட்கார்ந்திருந்தேன். ஏதோ தேடுவதுபோல். ஒரு மணி நேரம் தேடினேன்.

நீங்கள் போனபிறகு கருப்புசாமி படகின் ஓரமாக வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் பெயிண்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க, தோணி எத்தனை லிட்டருங்க கறந்துச்சு?"

நான் ஐந்தரை என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல.

"நல்ல கறவைதானுங்க" என்றார். நான் எழுந்து, இப்போதே போய் மாப்பிள்ளையிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அதற்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? "வேண்டாமுங்க. பொண்ணு குடுத்த ஊட்ல பொறந்தவனுக்கு ஒரு சொல்லு வந்தா, அது அம்மிணி தலைலதானுங்க வந்து உழுகும். நானு இந்த ஊட்டாளு, எனக்கு வந்தா என்னோட போயிருமுங்க." அதைச் சொல்லிவிட்டுப் புல்லுக்கட்டை எடுத்துக்கொண்டு போனார். நான் மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன், மாப்பிள்ளை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதால் அல்ல, அது எனக்குச் சௌகரியமாக இருந்தது என்பதால். ஐப்பசியில் படகை ஏற்றிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். இங்கே வந்து ஆறரை லிட்டர் கொள்ளும், துளைக்குச் சரியான குழாயுள்ள உறிஞ்சி ஒன்றை வாங்கினேன். அட்டவணைப்படி அதுதான் உத்தமமானது. இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை. பிரிக்கப் போனால் பால் வாசனை வருகிறது.

நேற்று கோமதி போனில், கருப்புசாமி அடுத்த ஞாயிற்றுக்கிழமையோடு நின்றுகொள்கிறாராம், திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போகிறாராம், கறக்காத கைக்கு இங்கே என்ன வேலை என்று சொன்னாராம் என்றாள். வேறு யாரோ வீட்டுச் செய்தி போலச் சொன்னாள். நான் சரி சரி என்றேன். இரவே கோடு போட்ட நோட்டிலிருந்து தாள்களைக் கிழித்து எடுத்துவைத்தேன்.

ஆகவே உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் கருப்புசாமியைக் கூப்பிட்டுக் கறவை மெசினை அவர் கையில் திருப்பிக் கொடுங்கள். வனிதாவிடமும் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தைச் சொசைட்டியில், பால் அளக்கும் மேசைக்கு மேலே எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவையுங்கள். பட்டத்தைப் பற்றிய பகுதியை வேண்டுமானால் மடித்துக்கொள்ளலாம். தவறு செய்தது யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராதபடி கீழே என் முழுக் கையெழுத்தைப் போட்டுத் தருகிறேன்.

கோமதியைக் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவளுக்கு இதில் ஒன்றும் தெரியாது. செல்வப்பிரியாவுக்கும் மருமகனுக்கும் தாய்மாமனின் ஆசிகள். மாடுகள் குறைவில்லாமல் கறக்கட்டும், உங்கள் பால் இனி ஒரு நாளும் திரும்பி வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,

பின்குறிப்பு: கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்து அரை மணி நேரம் ஆகிறது. கல்யாண வீட்டில் சொன்ன சொல் குறுக்கே நிற்கிறது. உங்கள் வீட்டுக்கு வரும் காகிதத்தில் என் கையெழுத்து இருக்கக்கூடாது. சொல்லை மீறிப் போடலாம் என்றால், பட்டத்தோடு போட வேண்டும். இவ்வளவையும் எழுதிவிட்டுக் கீழே எம்.எஸ்ஸி. என்று போட்டால் அந்தப் பட்டத்துக்குத்தான் கேவலம். பட்டம் இல்லாமல் போட்டால் நீங்கள் அச்சடித்ததுதான் சரி என்று ஆகிவிடும். நடுவில் ஓரிடத்தில் என் பெயர் வந்திருக்கிறது. அது பத்திரிகையில் இருந்ததை எடுத்துக் காட்டியது, அதைக் கையெழுத்தாகக் கொள்ள வேண்டாம். சுவரில் ஒட்டியதைப் படித்துவிட்டு யார் எழுதியது என்று ஊரில் யாராவது கேட்டால் உங்களுக்குத் தோன்றியதைச் சொல்லுங்கள். கருப்புசாமி கேட்டால் மட்டும் உள்ளதைச் சொல்லுங்கள். அவர் கேட்கமாட்டார். பத்திரிகையில் நீங்கள் பட்டத்தை மட்டும் விட்டீர்கள். நான் பெயரையும் சேர்த்து விட்டுவிட்டு, இதை இப்படியே, கையெழுத்து இல்லாமலே, தபாலில் போடப் போகிறேன்.